மேயும் வாய் நிற்காத தூரம்

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே சிட்னி, மெல்பர்ன் தமிழ்க் குடும்பங்கள் விலங்குப் பூங்காவுக்குச் சீட்டு வாங்கிவிடும். தூங்குகிற கோலாவுக்குப் பக்கத்தில் ஒரு படம், உள்ளங்கையில் கங்காருவுக்குத் தீவனம், கட்டுச்சோறு, வீடு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே கோலா சிட்னிக்குத் தென்மேற்கே காம்பெல்டவுன் பக்கத்துக் காட்டில் வேலி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அதே கங்காரு கான்பராவில் வீட்டுக் கொல்லைகளை ஒட்டிய மேட்டில் பொழுது சாயும்போது மேய்கிறது. பூனையளவு பைப்பாலூட்டியான பொசம் உங்கள் கூரை மேலேயே ஓடுகிறது. இவற்றைப் பார்க்கச் சீட்டு வேண்டாம், கொஞ்சம் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பையைப் பற்றி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்; மற்ற கட்டுப்பாடுகள் பலவும் அங்கிருந்துதான் வருகின்றன. சிவப்புக் கங்காருவின் குட்டி வயிற்றில் இருப்பது 33 நாள். பிறக்கும்போது எடை ஒரு கிராமுக்கும் குறைவு, மொச்சைக்கொட்டை அளவு. கண் திறக்காமல், முடி முளைக்காமல், முன்னங்கால்களால் தாயின் மயிரைப் பற்றி ஏறிப் பைக்குள் போய் முலைக்காம்பைக் கவ்வும். காம்பு வாய்க்குள் உப்பிக்கொள்ளும். அதன் பிறகு வாரக்கணக்கில் குட்டி அதை விடாது. ஆகவே நீங்கள் பார்க்கிற வளர்ந்த பெண் கங்காரு பெரும்பாலும் ஒரு குட்டியைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறது, பை தட்டையாகத் தெரிந்தாலும். துரத்தினால் பைத்தசை தளர்ந்து குட்டி கீழே விழுந்துவிடும். தாய் திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ‘சும்மா கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தோம்’ என்பதற்குச் சில சமயம் இதுதான் விலை.

எத்தனை மீட்டரில் நிற்கலாம் என்று கேட்பார்கள். மனிதரைப் பார்த்துப் பழகிய முகாம் திடலில் பத்து மீட்டர் போதும். ஆள் நடமாட்டம் இல்லாத புல்வெளியில் நூறு மீட்டரும் பற்றாது. அதனால் டேப் பிடிக்காமல் வாயைப் பாருங்கள். வாய் மேய்ந்துகொண்டே இருந்தால் நீங்கள் நிற்கும் இடம் சரி. தலை உயர்ந்து, மெல்லுவது நின்று, காதுகள் இரண்டும் உங்கள் பக்கம் திரும்பினால் அங்கேயே நில்லுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் தலை மறுபடி குனிந்துவிடும். உடம்பை முழுசாக நிமிர்த்திவிட்டால் ஓரடி பின்வாங்க வேண்டிய நேரம். பின்னங்காலால் தரையில் ‘தொம்’ என்று ஒரு தட்டு கேட்டால் கூட்டத்துக்கே எச்சரிக்கை போய்விட்டது, இன்றைக்கு அவ்வளவுதான்.

நேராக அதை நோக்கி நடக்காதீர்கள். வேறெங்கோ போகிறவர்போலக் குறுக்குச் சாய்வில் நடந்து, நின்று, உட்கார்ந்து, மறுபடி நடக்க வேண்டும். முறைத்துப் பார்க்கக் கூடாது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவிலோ, கூட்டத்துக்கும் அது ஓடி ஒளியும் மரத்தோப்புக்கும் நடுவிலோ போகக் கூடாது. பெரிய கிடா ஒன்று புல்லை வேரோடு பிடுங்கி மார்பில் தேய்த்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பித் தன் உயரத்தைக் காட்டிக்கொண்டு வந்தால் அது உங்களையும் ஒரு கிடாவாக எடுத்துக்கொண்டது என்று பொருள். சாம்பல் கங்காரு கிடா 60 கிலோவைத் தாண்டும். முதுகைக் காட்டி ஓடாமல், உடம்பைக் குறுக்கிக் குனிந்து, மெல்லப் பின்னால் நகருங்கள். ரொட்டி போடுகிற பழக்கம் உள்ள இடங்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். மனிதரைக் கண்டால் தீவனம் என்று கற்றுக்கொண்ட கிடா, தீவனம் இல்லாதபோது கோபப்படுகிறது. ரொட்டியால் அவற்றுக்கே வேறு கேடும் உண்டு: ஈறில் கிருமி புகுந்து தாடை வீங்கி, மெல்ல முடியாமல் பட்டினியாகச் சாகும்.

காட்டோரப் புதரில் கறுத்த உருவம் ஒன்று தனியாக, தலையைத் தாழ்த்தி, முதுகை வளைத்துத் துள்ளிப் போனால் அது கங்காருவின் சின்னச் சொந்தமான சதுப்பு வாலபி. கங்காரு கூட்டமாகவும் நிமிர்ந்தும் இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்திலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தரையில் கிடப்பவை

புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் அண்ணாந்து பார்ப்பார்கள். தைலமரக் காட்டில் ஆயிரம் கிளைக் கவட்டை இருக்கிறது, ஒவ்வொன்றிலும் கோலா போன்ற ஒரு முண்டு இருக்கிறது. அரை மணியில் கழுத்து வலிக்கும், ஆசை போய்விடும். முதலில் தரையைப் பாருங்கள்.

கோலாவின் புழுக்கை பேரீச்சங்கொட்டை நீளம், அதைவிடக் கொஞ்சம் தடிமன். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, நீளவாட்டில் மெல்லிய வரிகள் ஓடும். புதியது பச்சை கலந்த பழுப்பில் லேசாக மினுங்கும். இரண்டாக உடைத்தால் உள்ளே நைசாக அரைத்த இலைத்தூள். முகர்ந்தால் தைல வாசனை. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட தைலமரத்தின் தாய்நாடு தாஸ்மேனியாவும் விக்டோரியாவும்தான் என்பதால், ஊட்டியில் தைலம் காய்ச்சும் கொட்டகைப் பக்கம் போய் வந்த மூக்குக்கு இந்த வாசனை உடனே பிடிபடும். பொசத்தின் புழுக்கையை இத்துடன் குழப்பிக்கொள்வது வழக்கம். அது ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று வளைவு என்று சீரில்லாமல் இருக்கும். உடைத்தால் நார் கரடுமுரடாகத் தெரியும்.

கணக்கெடுப்பவர்கள் செய்யும் முறை எளிமையானது. அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டம், ஒரு மரத்துக்கு இரண்டு நிமிடம், சருகை விலக்கிப் பார்த்துவிட்டு அடுத்த மரம். முப்பது மரம் பார்த்தால் அந்தக் காட்டில் கோலா நடமாட்டம் எவ்வளவு என்று ஓரளவு தெரிந்துவிடும். புதுப் புழுக்கை கிடைத்த மரத்தை மட்டும் அண்ணாந்து பாருங்கள், அதுவும் ஒரே இடத்தில் நின்றல்ல. மரத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். கோலா ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்கும். கவட்டையில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தால் ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது வெறும் மரமுண்டுதான். வழுவழுப்பான பட்டையில் நகக்கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் முன்னங்காலில் இரண்டு விரல் ஒரு பக்கமும் மூன்று விரல் எதிர்ப்பக்கமுமாகப் பிடிக்கும். கீறல் மட்டும் போதாது, உடும்பும் அதே மரத்தில் ஏறும். கடும் வெயில் நாளில் உச்சியை விட்டுவிட்டுக் கீழே தடித்த அடிமரத்தைப் பாருங்கள். மரத்தண்டு காற்றைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால் கோலா அதைக் கட்டிக்கொண்டு சூட்டைத் தணித்துக்கொள்ளும்.

குட்டைக் காலும் தடித்த உடம்புமாக வளை தோண்டி வாழும் வொம்பட்டின் புழுக்கைக்கு அறிமுகமே தேவையில்லை. இரண்டு சென்டிமீட்டர் அளவில் பர்பித் துண்டுபோலச் சதுரமாக இருக்கும் வேறு புழுக்கை உலகத்திலேயே கிடையாது. குடலின் கடைசிப் பகுதியில் சுவரின் விறைப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் இந்த வடிவம் வருகிறது என்று கண்டறிந்தவர்களுக்கு 2019-இல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. பாறை மேலும் விழுந்த மரத்தின் மேலும் எல்லை அடையாளமாக வைத்துவிட்டுப் போகும். சதுரமாக இருப்பதால் உருளாமல் நிற்கும் என்று பலரும் விளக்கம் சொல்வார்கள். பார்க்கிறவருக்கு அதனால் ஒரு சௌகரியம், தேட வேண்டியதே இல்லை. பக்கத்தில் ஆற்றங்கரை மேட்டில் வளை இருக்கும். வளை வாசலில் புது மண்ணும் காலடியும் இருந்தால் ஆள் உள்ளே. வாசலுக்கு நேரே நிற்காதீர்கள்: 25 கிலோ உடம்பு, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வீட்டுக்குள் ஓடும்போது நீங்கள் வழியில் இருக்கக் கூடாது. பத்துப் பதினைந்து மீட்டர் பக்கவாட்டில், காற்று வளைப் பக்கமிருந்து உங்கள் மேல் படும்படி உட்காருங்கள். கண் பார்வை சுமார், மோப்பம் கூர்மை.

கோடையில் இருட்டிய பிறகுதான் வெளியே வரும். குளிர்காலத்தில் மதியம் மூன்று மணிக்கே வெயில் காய வந்துவிடும். அதனால் பகலில் கண்ட வொம்பட் எல்லாம் நோயாளி என்று நினைக்க வேண்டாம். ரோமம் உதிர்ந்து, தோல் காய்ந்த சேறுபோல வெடித்து, கண்ணைச் சுற்றிப் பொருக்குத் தட்டியிருந்தால் அது சொறி. தோலுக்குள் புகும் ஒரு சிற்றுண்ணியால் வருவது, விட்டால் உயிரை வாங்கும். வோம்சாட் என்ற செயலியில் இடத்தைப் பதிந்தால் அந்தப் பக்கத்தில் மருந்து வைக்கும் தொண்டர்களுக்குத் தகவல் பயன்படும். நியூ சவுத் வேல்ஸில் கங்காரு பள்ளத்தாக்கின் பெண்டீலா திடல், தாஸ்மேனியாவில் கிரேடில் மலையின் ரோனி ஓடை, இந்த இரண்டு இடத்திலும் வொம்பட் பார்க்காமல் திரும்புவதுதான் கஷ்டம்.

சிட்னிக்காரர்களுக்கு வீட்டுப் புல்தரையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் கடலைக்காரர் மடிக்கும் காகிதக் கூம்பைத் தலைகீழாகக் குத்தி எடுத்ததுபோல அங்கங்கே குழி. முயல் பறித்தால் குழி அகலமாகவும் மண் ஒரு பக்கம் வாரியும் கிடக்கும். இப்படிக் கூராகக் குழி போடுவது நீள்மூக்குப் பாண்டிகூட், மூக்கை நுழைத்துப் புழு தேடிய தடம். இந்தப் பெயர் நம் பக்கத்துச் சரக்கு: தெலுங்கில் பன்றி எலி என்று பொருள்படும் ‘பந்திகொக்கு’ ஆங்கிலேயர் வாயில் நம்மூர்ப் பெருச்சாளிக்குப் பெயராகி, அங்கிருந்து கப்பலேறி, பெருச்சாளிக்குச் சொந்தமே இல்லாத ஒரு பைப்பாலூட்டிக்கு ஒட்டிக்கொண்டது. அதனால் எலி மருந்து வைத்துவிடாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் தானே வரும். நாய், பூனை வெளியே இருந்தால் வராது.

இருட்டில்

இந்த நாட்டுப் பைப்பாலூட்டிகளில் பெரும்பாலானவை இரவுப் பிராணிகள். மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் கிளைடர்களைப் பார்க்க ஆசைப்பட்டால் இரவு நடைக்குத்தான் போக வேண்டும், அங்கே வெளிச்சம்தான் எல்லாமே.

இருளில் நடமாடும் விலங்கின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒரு படலம் உண்டு. நீங்கள் அனுப்பும் ஒளி வந்த வழியே திரும்பும். ‘வந்த வழியே’ என்பதைக் கவனியுங்கள்: டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால் மின்னல் இடுப்புக்குத்தான் வரும், உங்கள் கண் அதைப் பார்க்காது. விளக்கு நெற்றியில் இருக்க வேண்டும், அல்லது டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். விலையுயர்ந்த விளக்கோடு போய் ஒன்றும் காணாமல் திரும்புகிறவர்களில் பாதிப்பேர் செய்யும் தவறு இதுதான். பிரகாசமும் ஓரளவு போதும், 200–300 லூமென் தலைவிளக்கு தாராளம். ஆயிரக்கணக்கான லூமென் உமிழும் டார்ச் விலங்கின் கண்ணைக் கூசவைத்து நிமிடக்கணக்கில் குருடாக்கும், அந்த நேரத்தில் ஆந்தை ஒன்று பக்கத்தில் இருந்தால் கதை முடிந்தது.

சிவப்பு வெளிச்சம் அவற்றை அவ்வளவாக உறுத்தாது. விளக்கில் சிவப்பு இல்லையென்றால் செலோபேன் தாளை இரண்டாக மடித்து ரப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். திண்டுக்கல், கரூர்ப் பக்கத்தில் தேவாங்கு கணக்கெடுப்பவர்களும் இரவில் சிவப்பு வெளிச்சத்தைத்தான் நம்புகிறார்கள். அதில் ஒரு குறை: சிவப்பில் எல்லாக் கண்ணும் சிவப்பாகத்தான் திரும்பும், நிறத்தை வைத்து இனம் சொல்ல முடியாது. ஆகவே மங்கிய வெள்ளையில் மேலோட்டமாகத் தேடி, கண்டதும் சிவப்புக்கு மாற்றி, பிறகு பைனாகுலரை எடுப்பதுதான் நடைமுறை. 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வாய் 42 மில்லிமீட்டர்) இரவுக்கும் பகலுக்கும் பொருந்தும். அதைவிடச் சிறிய வாயுள்ளது இருட்டில் ஒளி வாங்காது. வெள்ளை ஒளியை அடிக்க நேர்ந்தால் நடுக்கற்றையை அதன் முகத்தில் வைக்காமல், வட்டத்தின் விளிம்பு மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நடை மணிக்கு ஒரு கிலோமீட்டர். இது தாலாட்டு வேகம். முதல் பத்து நிமிடம் பொறுக்காது. ஐந்தாறு எட்டு வைத்து நில்லுங்கள், அடிமரத்திலிருந்து உச்சிவரை ஒளியை மெல்ல ஏற்றுங்கள், கிளைவாட்டில் நகர்த்துங்கள், அணைத்துவிட்டுக் கேளுங்கள். சருகில் கால் சரசரக்கும் ஓசையே பெரிய இடைஞ்சல் என்பதால் வண்டித்தடத்தில் நடப்பது நல்லது. காற்றடிக்கிற இரவு வீண், இலை அசைவில் எதுவும் தெரியாது, கேட்காது. மழையிலும் வெளியே வராது. முழுநிலவும் ஆகாது, வெளிச்சத்தில் பயந்து இலைமறைவிலேயே இருந்துவிடும்.

மின்னுவதெல்லாம் விலங்கு இல்லை. தரையிலும் பட்டையிலும் ஊசிமுனைபோல நீலப்பச்சையில் மினுங்குவது சிலந்தி, ஒரே காட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும். பனித்துளி நீங்கள் நகர்ந்ததும் அணைந்து வேறிடத்தில் பற்றும். பிரஷ்டெயில் பொசமும் ரிங்டெயில் பொசமும் ஆரஞ்சு கலந்த சிவப்பாக மின்னும். இருபது முப்பது மீட்டர் உயரத்தில், மோட்டார் வண்டி விளக்குபோலப் பளீரென்று வெண்மஞ்சள் ஜோடி ஒன்று அசையாமல் உங்களையே பார்த்தால், அது பெரிய கிளைடராக இருக்க நல்ல வாய்ப்பு. கோலாவின் கண் மங்கல், பல சமயம் ஏமாற்றிவிடும்.

பெரிய கிளைடரை எப்படி உறுதி செய்வது? வால். உடம்பைவிட நீளமாக, பஞ்சடைத்த சாமரம்போலக் கிளையிலிருந்து நேராகத் தொங்கும். காது பெரிசு, மயிரடர்ந்தது. கறுப்பிலிருந்து சந்தன நிறம்வரை மேல்தோல், வயிறு மட்டும் வெள்ளை. இது சத்தம் போடாது, தைலமர இலையைத் தவிர ஏறக்குறைய எதையும் தின்னாது. சறுக்குத்தோல் மற்றக் கிளைடர்கள் பலவற்றுக்கு மணிக்கட்டிலிருந்து தொடங்கும்; இதற்கு முழங்கையிலிருந்து. அதனால் பறக்கும்போது கையை மடக்கி, முட்டி விரித்த முக்கோணமாகத் தெரியும். ஒரே சறுக்கில் 100 மீட்டர் போகும். நம் மேற்குத்தொடர்ச்சி மலைப் பறக்கும் அணில் செய்வதும் இதே வித்தைதான், ஆனால் சொந்தம் கிடையாது. அது அணில் குடும்பம், இது பொசம் குடும்பம்.

வெளிச்சமே இல்லாமல் பார்க்கும் முறை ஒன்று உண்டு. கைவசம் ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது என்றால் நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். பெரிய பொந்துகள் உள்ள கிழட்டு மரம் ஒன்றைப் பகலிலேயே பார்த்து வையுங்கள். பொந்து வாய் ஓரம் பட்டை தேய்ந்து வழவழத்திருந்தால் குடித்தனம் இருக்கிறது. சூரியன் மறைய அரை மணி இருக்கும்போதே போய், மரம் மேற்கு வானத்தின் பின்னணியில் கறுப்பாகத் தெரியும் பக்கத்தில், கிளை முறிந்து விழும் எல்லைக்கு வெளியே பாய் விரித்து மல்லாந்து படுத்துவிடுங்கள். பேச்சு வேண்டாம், போன் வேண்டாம். மறைந்து ஒரு மணி நேரம்வரை பொந்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. வருவது சில நொடி விஷயம். சர்க்கரைக் கிளைடர் குடும்பம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து அடிமரத்தில் ஓடி உடனே பாய்ந்துவிடும். பெரிய கிளைடர் அவசரப்படாது. வாசலில் உட்கார்ந்து உடம்பை நக்கிச் சுத்தம் செய்து, உச்சிக்கு ஏறி, அங்கிருந்துதான் குதிக்கும். இப்படிப் பொந்து விழ மரத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆக வேண்டும். கிழட்டு மரத்தை வெட்டிவிட்டுப் பத்து நாற்று நடுகிற கணக்கு இந்தப் பிராணியிடம் செல்லாது.

2020-இல் பெரிய கிளைடரை மூன்று இனங்களாகப் பிரித்தார்கள். 2022-இல் தெற்கு, நடு இனங்கள் அருகிவிட்டவை என்று அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றம், மரம் வெட்டும் அரசு நிறுவனம் வெட்டுவதற்கு முன் கிளைடர் இருக்கிறதா என்று முறையாகத் தேட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2024 ஜனவரி முதல் நாளோடு அங்கே இயற்கைக் காட்டில் அரசுத் துறையின் மரவெட்டே நின்றுபோனது. நெற்றி விளக்கோடு நடந்து எண்ணிய தன்னார்வலர்களின் பதிவுகளுக்கு இந்த வழக்கில் இடம் இருந்தது என்பதால், நேரம், இடம், மரம் மூன்றையும் குறித்து வைக்கும் பழக்கம் வீண்போகாது.

மஞ்சள் வயிற்றுக் கிளைடரைக் காதால் கண்டுபிடிக்கலாம். கிறீச்சென்ற அலறல், அடுத்து தொண்டைக்குள் கொப்பளிப்பதுபோல ஒரு குடகுடப்பு. அரைக் கிலோமீட்டர் கேட்கும். முதல்முறை கேட்பவர் யாரோ ஆபத்தில் இருப்பதாக நினைப்பார். பகலில் அதன் அடையாளம் மரப்பட்டையில் ‘வி’ எழுத்துப்போல வெட்டிய காயம். கீழ்முனையில் பிசின் வடியும், அதைத்தான் நக்கும். நல்ல மரம் ஒன்றைப் பல வருஷம் விடாது, அந்த மரத்தின் உடம்பெல்லாம் பழைய வெட்டுத் தழும்பாக இருக்கும். ஈரப்பிசின் உள்ள மரத்தின் அருகில் காத்திருந்தால் ஒன்றுக்கு மேற்பட்டவை வரக்கூடும். சர்க்கரைக் கிளைடர் குட்டி நாய் குரைப்பதுபோல விடாமல் ‘யாப் யாப்’ என்னும். பழைய மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பும் சத்தமும் பன்றி உறுமலும் சேர்ந்து வந்தால் அது ஆண் கோலா, இனப்பெருக்கக் காலத்துக் குரல். ஆந்தைக் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு இவற்றை அசையவைக்கும் தந்திரம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

வெப்பப் படக்கருவி இப்போது பலர் கையில். உதவும், ஆனால் இருட்டிய முதல் ஒன்றிரண்டு மணி நேரம் வெயில் காய்ந்த அடிமரமும் பாறையும் விலங்கைப்போலவே ஒளிரும். பின்னிரவில்தான் அதன் அருமை தெரியும். கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கண்ணாடி அந்த வெப்பக்கதிரை விடாது, இறக்கிவிட்டுப் பாருங்கள். இலைக்குப் பின்னால் இருப்பதையும் அது காட்டாது.

பகலில் ஒன்று

பகலில் மட்டும் நடமாடுவது நம்பட். மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டரில் உள்ள டிரையாண்ட்ரா காட்டில் இன்னும் இருக்கிறது. அரைக் கிலோ எடை, முதுகில் வெள்ளைக் கோடுகள், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு, சிலிர்த்த வால். கறையானைத் தவிர வேறெதையும் ஏறக்குறைய தொடாது, ஒரு நாளைக்கு 20,000 வரை தின்னும். கறையான் புற்றை உடைக்கும் பலம் இல்லாததால், மண்ணுக்குக் கொஞ்சம் கீழே ஓடும் பாதைகளில் கறையான் வருகிற நேரம்தான் அதன் சாப்பாட்டு நேரம். ஆகவே குளிர்காலத்தில் தரை சூடேறும் காலை பத்திலிருந்து மதியம் மூன்றுவரை. கோடையில் விடியலும் மாலையும். கோடை உச்சிவெயிலில் போய்விட்டு நம்பட்டே இல்லை என்று திரும்பினால் குற்றம் நம்பட்டுடையது அல்ல.

வழிமுறை: மண்பாதையில் மணிக்கு 15–20 கிலோமீட்டர் வேகம், ஜன்னல் திறந்து, ஒருவர் ஓட்ட இன்னொருவர் பார்க்க வேண்டும். மரத்தைப் பார்க்காமல், விழுந்து கிடக்கும் வாண்டூ என்ற தைலமர வகையின் மேலும் அதன் ஓரத்திலும் பாருங்கள். கறையான் குடைந்து குழாயான அந்தக் கட்டைதான் அதன் வீடு. கண்டதும் இன்ஜினை அணையுங்கள், கதவைத் திறக்காதீர்கள். கட்டைக்குள் ஓடிவிட்டால் மனசைத் தளரவிடாதீர்கள். அசையாமல் இருந்தால் பெரும்பாலும் முகம் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும், பிறகு மறுபடி தோண்டப் போய்விடும். நாள் முழுக்க ஓட்டியும் ஒன்றுகூடக் கிடைக்காத நாள் நிறைய உண்டு. வளர்ந்தவை மொத்தத்திலேயே குறைவு. நரிக்கு வைக்கும் ‘1080’ என்ற விஷம்தான் இதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அந்த விஷம் மேற்கு ஆஸ்திரேலியச் செடிகள் சிலவற்றில் இயற்கையாகவே உள்ளதால் அங்கத்திய விலங்குகளுக்குத் தாங்கும் சக்தி உண்டு, வெளியிலிருந்து வந்த நரிக்கு இல்லை.

குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சுலபமானவை தீவுகள். பெர்த்துக்கு எதிரே ராட்னெஸ்ட் தீவில் குவாக்கா, பூனையளவு வாலபி வகை. கடைத்தெருவில் திரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், மாலையில் கொஞ்சம் உள்ளே நடந்தால் மனிதரிடம் கெஞ்சாத குவாக்கா தெரியும். தாஸ்மேனியாவின் மரியா தீவில் வொம்பட் கூட்டம். டிரையபன்னாவிலிருந்து படகு, தீவில் கடை கிடையாது, சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டும். கிப்ஸ்லாந்தின் ரேமண்ட் தீவில் 1953-இல் கொண்டுவிட்ட கோலாக்களின் வாரிசுகள், தெருவோர மரத்திலேயே. குயின்ஸ்லாந்தின் மேக்னெடிக் தீவில் கோலா பார்க்கக் கோட்டைப் பாதை, போய்வர 4 கிலோமீட்டர்.

கிழக்குக் கரையோரப் புதருக்குள் போய் வந்தால் உடம்பைச் சோதியுங்கள்: காதுக்குப் பின், முடிக்கோடு, அக்குள், இடுப்புப்பட்டி. அங்கே உள்ள உண்ணி வாதம் உண்டாக்கும் இனம். கடிபட்ட சிலருக்குப் பிறகு ஆட்டிறைச்சியே ஒவ்வாமை ஆகிவிடுகிறது. நகத்தால் பிய்த்தால் உமிழ்நீரை உள்ளே விட்டுவிடும். மருந்துக்கடையில் உண்ணியை உறையவைக்கும் தெளிப்பான் கிடைக்கிறது, அதை அடித்துச் சாகவிடுங்கள்.

இரவு நடை முடிந்து வண்டியை எடுக்கும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. தாஸ்மேனியாவில் பொழுது சாய்ந்தால் மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்று பலகையே வைத்திருக்கிறார்கள். எல்லா மாநிலத்துக் காட்டுச் சாலைக்கும் அது பொருந்தும். குறுக்கே வந்தால் நேராகப் பிரேக், ஸ்டீரிங்கை வெட்டாதீர்கள். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும். சாலையோரம் அடிபட்டுச் செத்த கங்காருவோ வொம்பட்டோ பொசமோ கிடந்தால், வண்டியைப் பத்திரமாக ஓரம் கட்டிப் பையைத் தொட்டுப் பாருங்கள். தாய் செத்துப் பல மணி நேரம் கழித்தும் குட்டி உயிரோடு இருக்கும். வொம்பட்டுக்குப் பை வாய் பின்பக்கம் பார்த்திருக்கும்.

முடி முளைக்காத குட்டி காம்பைக் கவ்வியிருந்தால் இழுக்காதீர்கள், வாய் கிழிந்துவிடும். முதலில் கீழே உள்ள மீட்பு எண்ணுக்குப் போன் பண்ணிக் கேளுங்கள். தாயோடு சேர்த்து எடுத்துப் போகச் சொல்லலாம், அல்லது காம்பைத் தாயின் உடம்பை ஒட்டி வெட்டச் சொல்லலாம். விட்டுவிட்ட குட்டியானால் பருத்தித் தலையணை உறைக்குள் விட்டு, சட்டைக்குள் உங்கள் உடம்புச் சூட்டில் வையுங்கள். இருட்டு, அமைதி, வெதுவெதுப்பு. தண்ணீர் வேண்டாம், பசும்பால் அறவே வேண்டாம், அதற்குச் செரிக்காது. குழந்தைகளிடம் கொடுத்துக் கொஞ்ச விடாதீர்கள். நியூ சவுத் வேல்ஸில் காட்டுயிர் மீட்புக்கான வயர்ஸ் அமைப்பு 1300 094 737, விக்டோரியாவில் வைல்ட்லைஃப் விக்டோரியா 03 8400 7300. எந்தக் கிலோமீட்டர் கல் பக்கத்தில் எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். வளர்ந்த பிறகு அந்தப் பக்கத்திலேயேதான் அதைக் கொண்டுபோய் விட வேண்டியிருக்கும்.